நாலோடு நின்றுபோன ஆயிரம் தலைமுறை

எங்கள் கரையில் ஒரு வீட்டில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவார். ஆண் பிள்ளை பிறந்தால் தாய் மனதைத் தேற்றத் தொடங்குவார். கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்கு வந்துவிடுவார். அதன் பிறகு அவர் தாய் வீட்டுக்கு வருவது விருந்தாளியாகத்தான். குடி என்கிற குலமும் தாய் வழியாகவே வரும். 'நீ என்ன குடி?' என்று கேட்டால் தாயின் குடியைச் சொல்ல வேண்டும். தகப்பனுடையதைச் சொன்னால் சிரிப்பார்கள். இதில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் உம்மா வீடு மகளுக்கு, இந்தப் பக்கம் அம்மா வீடு மகளுக்கு. மற்ற விஷயங்களில் எத்தனை பிணக்கு வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கத்து ஆண்களும் ஒரே மாதிரித்தான் பெட்டி தூக்கினார்கள்.

என் மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, நாலு ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளை இல்லை.

இதை எங்கள் ஊரில் சொன்னால் கேட்பவர் முதலில் 'ஐயோ' என்பார். பிறகுதான் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பார். மூத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த இருவரும் மட்டக்களப்புப் பக்கம் பெண்சாதிமார் வீடுகளில் நல்ல சுகமாக இருந்தார்கள். மாமா காலமாகிவிட்டார். கடைசி மகன் ஒருவர்தான் வீட்டில் மிச்சம். அவருக்கும் எந்த நேரமும் யாராவது மாப்பிள்ளை கேட்டு வரலாம் என்ற நிலைமை. அவரது உடுப்புப் பெட்டியை மாமி அலுமாரிக்கு மேலே, கதிரை வைத்து ஏறினாலும் எட்டாத இடத்தில் வைத்திருந்தார் என்று பிற்பாடு அறிந்தேன்.

வெறும் வீடு என்றால் மாமி இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். மாமியின் அம்மம்மாவைப் பெற்றவர்தான் அந்தக் குடும்பத்தில் முதலாவதாக ஞானஸ்நானம் எடுத்தவராம். எடுத்த அன்றைக்கே அந்த வீட்டில் பின்னேரச் செபம் தொடங்கியது. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போனதுபோல, வீட்டோடு சேர்ந்து செபமும் தாயிடமிருந்து மகளுக்குப் போனது. மாமி நாலாவது. அவருக்குப் பிறகு யாரும் இல்லை. கர்த்தர் தம்மில் அன்பு வைத்தவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் தமது வாக்கைக் காக்கிறவர் என்று வேதத்தில் இருக்கிறது. மாமி அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டார். தேங்காய் துருவும் நேரம்தான் அவர் ஆண்டவருடன் வழக்காடும் நேரம்.

"ஆயிரம் எண்டு சொன்னது நீங்கதானே? நானா கேட்டன்? இப்ப நாலோட நிப்பாட்டிப் போட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இருந்தா எப்பிடி?"

துருவலையின் சத்தத்துக்கு மேலால் இது அடுத்த வளவுக்கும் கேட்கும். அடுத்த வளவில் இருந்தவர் ஒரு முஸ்லிம் பெண். மாமியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். நான் அவரை ராத்தா என்பேன். எங்கள் வீடுதான் தமிழ்ப் பகுதியின் கடைசி வீடு. ராத்தாவின் வீட்டோடு அவர்களுடைய ஊர் தொடங்குகிறது. தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினை நேரம் இரண்டு ஊர்களும் பல மாதங்கள் முகம் பார்க்கவில்லை. அப்போதும் இவர்கள் இருவரும் குசினி யன்னல் வழியாக உப்பு, புளி, பழமொழி எல்லாம் மாறிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

ராத்தாவுக்கு நாலும் பெண்கள். நாலு வீடு கட்ட வேண்டும். அதற்காக அவருடைய மாப்பிள்ளை, அந்தப் பிள்ளைகளின் வாப்பா, சவூதியில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அல்லாஹ் பங்கு வெக்கக்குள்ள நம்ம ரெண்டு பேர்ர கதவையும் மாறித் தட்டிட்டான்," என்பார் ராத்தா. "உங்களுக்கு வந்த நாலும் எனக்கு வந்திரிந்தா இவர் இப்ப ஊர்ல இரிந்து தேத்தண்ணி குடிச்சிட்டு இரிப்பார்."

"இப்பவும் மாத்தலாம். ஒரு குமரத் தா, ஒரு பொடியன எடு," என்பார் மாமி.

"மறுகா ரெண்டு ஊரும் சேந்து நம்மள வேலில கட்டும்," என்று ராத்தா சிரிப்பார்.

இரண்டு பேருக்கும் பொதுவான குடும்பம் ஒன்று இருந்தது. ஆபிரகாம் என்பார் மாமி. இப்ராஹீம் நபி என்பார் ராத்தா. சாறாளும் ஆகாரும் அவர்களுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிற பெண்கள் மாதிரி. பெண்சாதி சாறாளின் பேச்சைக் கேட்டு, அடிமைப்பெண் ஆகாரைப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு அனுப்பியது பற்றி ராத்தாவுக்கு மாமியின்மேல் தனிப்பட்ட கோபம் இருந்தது. மாமி சாறாளின் பக்கம் நின்று பேசுவார், பேசி முடிந்ததும் "எண்டாலும் தண்ணி கொஞ்சம் கூடக் குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்று விட்டுக்கொடுப்பார்.

இந்த இடத்துக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன்.

என் ஊர் சவளக்கடை. வயல் குடும்பம், முருகனைக் கும்பிடும் குடும்பம். மூன்று பெண்களில் நான் மூன்றாவது. தாய் வீடு மூத்தக்காவுக்கு. வயலில் ஒரு துண்டை விற்றுச் சின்னக்காவுக்கு ஒரு வீடு. எனக்கென்று அப்பா அத்திவாரம் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பிரச்சினை வந்தது, நாங்கள் ஓடினோம், திரும்பி வந்தோம். அத்திவாரம் அத்திவாரமாகவே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் அதில் படுத்து அசைபோட்டன. என் வயதுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் நடக்க, நான் அந்த ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தேன். வீடு இல்லாத பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேட்டு வரவும் மாட்டார்கள்.

சும்மா இருந்தால் ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று கல்முனையில் ஒரு சேர்ச் மண்டபத்தில் நடந்த பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போனேன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் ஆராதனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாகச் சேர்ச்சுக்குள் போய் இருந்தேன். நல்ல கனத்த குரல் உள்ள ஒருவர் எழுந்து வேதத்தை வாசித்தார். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. ஆண் பெற்றான், ஆண் பெற்றான், ஆண் பெற்றான். அத்தனை பிரசவமும் நோவில்லாமல் நடந்தது. என் பிள்ளைகளில் பாதிப்பேர் நித்திரையாகிவிட்டார்கள். எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஆராதனை முடிந்து பலகாரம் பங்கிடும் இடத்தில் மாமி நின்றார். அப்போது எனக்கு அவர் மாமி இல்லை, பாடசாலையைப் பார்க்க வருகிற ஒரு அன்ரி மட்டும்தான். நான் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

"அன்ரி, இவங்களுக்கெல்லாம் தாய்மார் இல்லையா?"

மாமி சீனி அரியதரத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அஞ்சு பேர் இரிக்காங்களே. நீ நித்திரையா கிடந்த?"

"ஓம், கொஞ்சம்."

"இஞ்ச வா புள்ள, இரி."

வாங்கில் இருத்தி, பலகார வரிசையை அப்படியே காக்கவிட்டு, அந்த ஐந்து பேரையும் ஒருவர் ஒருவராகச் சொன்னார். தாமார், மாமனார் வாக்குக் கொடுத்து ஏமாற்றிய பெண். ராகாப், எரிகோ ஊரில் யாரும் வாயால் சொல்லக் கூசுகிற தொழில் செய்தவள். ரூத், மோவாபிலிருந்து வந்த கூலிக்காரி, விதவை. உரியாவின் பெண்சாதி, அரசன் கண் வைத்துக் குடும்பம் குலைந்தவள். கடைசியில் மரியாள், அவளைப் பற்றியும் ஊர் என்ன கதைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"பாத்தியா? நல்ல வீடு வாசலோட இரிந்த பொம்புளயள் ஒருத்தரையும் எழுதல்ல. கதை உள்ள ஆக்களத்தான் எழுதியிரிக்கு. ரூத்தக் கலியாணம் முடிச்ச போவாஸ் இரிக்காரே, அவர்ர தாய் ஆர் எண்டு நினைக்கிறாய்? இந்த ராகாப்தான். அதான் அந்த மனிசனுக்கு வெளியால வந்த புள்ளைட அருமை தெரிஞ்சிரிக்கு."

சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"நீ என்ன குடி?"

சொன்னேன்.

"எத்தினயாவது புள்ள?"

"மூண்டாவது."

"வீடு?"

"அத்திவாரம் இரிக்கு. அதில ஆடு இரிக்கு."

மாமி சிரிக்கவில்லை. என் தட்டில் இரண்டு அரியதரம் கூட வைத்தார். அதற்கு அடுத்த கிழமையிலிருந்து பாலர் பாடசாலைக்கு அவருடைய கடைசி மகன் கதிரைகள் கொண்டுவந்து இறக்கத் தொடங்கினார். எங்களிடம் இருந்த பிள்ளைகளுக்குத் தேவைக்கு மேலாகவே கதிரைகள் வந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கதிரை நல்லதுதானே.

தை மாதம், மழை விடாத நேரம். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்முனைக்கும் எங்கள் சவளக்கடைக்கும் நடுவில் தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட அந்தத் தாம்போதிதான் பாதை. தண்ணீர் ஏறினால் பஸ் வராது. அன்றைக்குப் பார்த்து இரண்டு பெண்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே குடையில், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு எங்கள் வாசல் கடப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மாமியும் ராத்தாவும். மாமிக்கு ஆண்டவருடன் வழக்காடத் தெரியும், மனிதருடன் கலியாணம் பேசத் தெரியாது. ராத்தா அதற்குள் இரண்டு மகள்மாருக்குப் பேசி முடித்தவர். அதனால் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்பா கதிரை போட்டார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். மாப்பிள்ளையின் தாயே மழையில் நனைந்து பெண் வீட்டு வாசலுக்கு வந்தால் மாப்பிள்ளையில் ஏதோ பழுது என்று அர்த்தம்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"குறை நினைக்கப்பொடா. தம்பிக்கு வலிப்பு கிலிப்பு ஏதும்…?"

ராத்தாதான் அண்ணன் முறை வைத்து முந்திக்கொண்டார்.

"வலிப்பும் இல்ல, சாராயமும் இல்ல, சூதும் இல்ல காக்கா. ஒரே ஒரு குறைதான். மத்த மாப்பிள்ளைமாருக்குப் போறதுக்கு வீடு வேணும். இவருக்கு இரிக்கிறதுக்கு வீடு இரிக்கி."

அப்பா அதை யோசித்துப் பார்த்தார். பிறகு இன்னும் பெரிய சந்தேகம் வந்தது.

"அப்ப எங்கட புள்ளையா அங்க வாற?"

"ஓம்."

"பெட்டியோட?"

"ஓம்."

"ஆம்பிள மாதிரி?"

குசினியில் நின்ற எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. மகளை வெளியே அனுப்புகிற குடும்பம் என்று ஊர் கதைக்கும். மாமி அப்போதுதான் ரூத்தின் கதையைத் தொடங்கினார். நகோமி என்று ஒரு தாய். புருஷனும் இரண்டு மகன்மாரும் செத்துப்போனார்கள். மருமகள் ஒருத்தி, வேறு சாதி, வேறு கடவுள், இவளை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே வந்தாள். போவாஸின் வயலில் சிந்திய கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டாள். அப்பா கதையின் மற்றப் பகுதியை எல்லாம் விட்டுவிட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பொறுக்கினவ?"

"ஒரு மரைக்கால் எண்டு கிடக்கு."

"பொறுக்கினதிலயா? ஒரு மரைக்காலா?" அப்பா என்னைத் தேடிக் குசினிப் பக்கம் திரும்பினார். "அந்த வயல்காரப் போடியார் வேணுமெண்டு சிந்த உட்டிரிக்கார். அந்தாளுக்கு அப்பவே அந்தப் புள்ளையில ஒரு கண்."

மாமி அதிர்ந்துபோனார். தான் எத்தனையோ வருசம் வாசித்த கதையில் இந்த மனுஷன் போவாஸின் மனதை ஒரு மரைக்காலில் கண்டுபிடித்துவிட்டார் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் கதிரைகள் ஞாபகம் வந்தன.

அப்பா கடைசியாக இரண்டு கேள்வி கேட்டார். வீடு யாருடைய பேரில் என்பது முதலாவது. "வீடு பொம்புளைக்குத்தான், புள்ளைட பேர்ல எழுதுவன்," என்றார் மாமி. எங்கட புள்ளய வேதத்துக்கு மாத்தி எடுக்கப் போறீங்களா என்பது இரண்டாவது.

"நான் எடுக்கமாட்டன்," என்றார் மாமி. "ஆண்டவர் எடுத்தா அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம் இல்ல, அவருக்கும் புள்ளைக்கும் உள்ள விஷயம்."

என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நானே வெளியே வந்து, சரி என்றேன்.

கலியாணத்துக்குப் பிறகு மாமி ரூத்தின் கதையை முழுதாக வாசிக்கத் தந்தார். நாலே அதிகாரம், ஒரு சோறு வேகிற நேரத்தில் வாசித்துவிடலாம். வாசித்த எனக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். நடந்து வந்தவள் ரூத். வெயிலில் குனிந்து கதிர் பொறுக்கியவள் ரூத். பத்து மாதம் சுமந்து பெற்றவளும் ரூத். கடைசியில் அயல் பெண்கள் எல்லாம் கூடி, நகோமிக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்கிறார்கள்! பேரும் அவர்களே வைக்கிறார்கள். நகோமிக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு சொட்டு இரத்த உறவு கிடையாது.

"பெத்தது ஒருத்தி, பேர் இன்னொருத்திக்கா மாமி?" என்று சண்டைக்குப் போனேன்.

"அயல் பொம்புளயள் அப்பிடித்தான். எங்கட ராத்தாவப் பாக்கல்லயா," என்று மாமி தப்பித்துக்கொண்டார்.

ஒரு வருசம் போனது. இரண்டு போனது. எனக்குப் பிள்ளை இல்லை. மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் திருப்பிச் சண்டை பிடித்துவிட்டுப் போயிருப்பேன். அதற்குப் பதிலாகப் பின்னேரச் செபத்தில் வாசிக்கும் பகுதிகளைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் சாறாள். மறுநாள் ரெபெக்காள். அதற்கு மறுநாள் ராகேல். சிம்சோனைப் பெற்ற தாய். அன்னாள். எலிசபெத்து. வேதத்தில் உள்ள மலடிகள் எல்லாரும் வரிசையாக எங்கள் விறாந்தைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். முடிந்ததும் மாமி முதலில் இருந்து திரும்பத் தொடங்கினார். அன்றைக்கு நான் வெடித்தேன்.

"மாமி, கலியாணம் முடிச்ச கையோட புள்ள பெத்த ஆக்கள் ஒருத்தரும் உங்கட வேதத்தில இல்லையா?"

மாமி கண்ணாடியைக் கழற்றினார். அழப்போகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். மறுநாளிலிருந்து எண்ணாகமம் வாசித்தார். அதில் பட்டாளத்து ஆண்களை எண்ணுவதைத் தவிர வேறு ஒன்றும் நடப்பதில்லை. மனதுக்கு நல்ல ஆறுதலாக இருந்தது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. என் அம்மா திருக்கோவில் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். ராத்தா ஐந்து நேரமும் தொழுது துஆக் கேட்டதோடு போத்தலில் ஓதின தண்ணீரும் கொண்டுவந்தார். நான் எல்லாவற்றையும் குடித்தேன், எல்லாவற்றையும் பூசினேன். மாமிக்கு அதில் கோபம் இல்லை, கவலைதான்.

"இப்பிடி எல்லா இடத்துக்கும் சொல்லி வெச்சா, மறுகா ஆர் தந்தவர் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"தந்தவர் வந்து சொல்லுவார் அக்கா," என்றார் ராத்தா வேலிக்கு மேலால்.

அந்த வருசம் மாரியில் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையோடு கிடந்தார். வாயைத் திறந்து பேசவும் முடியவில்லை. என் மாப்பிள்ளை வேலை முடிந்து கந்தோரிலிருந்து இன்னும் வரவில்லை; வழியில் சோதனைச் சாவடிகளில் மறித்து மறித்து விடுவார்கள். விளக்கு வைக்கும் நேரம் ஆனது. மாமி கட்டிலில் கிடந்தபடி விறாந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார் என்று தெரியும். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவர் அல்லவா.

எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. மாமியின் அம்மம்மாவைப் பெற்றவர் தொடங்கியது இந்த ஒரு காய்ச்சலில் நிற்பதா என்று நினைத்தேன். விளக்கைக் கொளுத்திக்கொண்டு போய் விறாந்தையில் உட்கார்ந்தேன். வேதத்தில் எனக்குத் தேடாமல் எடுக்கத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அன்றைக்கு நத்தாருக்கு வாசித்த அந்த வம்ச வரிசை. அதையே வாசித்தேன். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான். பேர்கள் எல்லாம் நாக்கில் புரளாமல் இடறின. செருபாபேலில் தடக்குப்பட்டு நின்றபோது அறைக்குள் இருந்து கரகரவென்ற குரல் வந்து அந்தப் பேரைச் சரியாகச் சொன்னது. பேச முடியாதவர் என்னைத் திருத்த மட்டும் பேசினார்! எனக்குக் கோபமும் வந்தது, சந்தோசமும் வந்தது. முடிந்ததும் என்ன சொல்லிச் செபிப்பது என்று தெரியவில்லை. "ஆண்டவரே, மாமிட ஆயிரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். ஞானஸ்நானம் பிறகு ஒரு காலத்தில் எடுத்தேன். ஆனால் என்னைக் கேட்டால், அன்றைக்கே எடுத்துவிட்டேன் என்றுதான் சொல்வேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த காலை, மாமி பிள்ளையைத் தூக்கக்கூட இல்லை. தூக்கினால் கலைந்துவிடும் என்பதுபோல ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். அவருக்கு வேறு என்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்து சவளக்கடையிலிருந்து அப்பா ஒரு மூட்டை அரிசியுடன் வந்து இறங்கினார். பிள்ளையைப் பார்த்தார், பூரித்துப்போனார், சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னார்.

"எங்கட வீட்டுக் குடிக்கு ஒரு பொம்புளப் புள்ள வந்திட்டு!"

அதில் பிழை இல்லை. எங்கள் கரையின் முறைப்படி பிள்ளை என் குடி, என் தாயின் குடி. மாமியின் குடி இல்லை. கறாராகப் பார்த்தால் மாமியின் வரிசை நாலோடு நின்றதுதான். மாமி குசினிக்குள் போனார். கொஞ்சத்தில் துருவலைச் சத்தம் கேட்டது. ஆனால் வழக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் ஆண்டவருடன் பேசாமல் தேங்காய் துருவியது எனக்குத் தெரிந்து அன்றைக்கு மட்டும்தான். குசினி வாசலுக்கு நேரே போட்ட கட்டிலில் படுத்திருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியாது. அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்தா வந்தார். முன் கடப்பால் வரவில்லை, வழமைபோலப் பின் வேலியால் புகுந்து வந்தார். பிள்ளையை என் பக்கத்திலிருந்து தூக்கினார், காதில் என்னவோ ஓதினார், மாஷா அல்லாஹ் என்றார். செல்லமாக ஒரு பேரும் வைத்தார். அந்தப் பேர்தான் இன்றுவரை வீட்டில் நிலைத்தது; நான் யோசித்து யோசித்துத் தெரிந்தெடுத்த பேர் பள்ளிக்கூடத்தோடு நின்றது. பிறகு பிள்ளையை அப்படியே குசினிக்குக் கொண்டுபோய், துருவலையிலிருந்து மாமியை எழுப்பிக் கதிரையில் இருத்தி, தேங்காய்ப்பூ ஒட்டிய அவர் மடியில் வைத்தார்.

"இந்தாங்க அக்கா. உங்களுக்கு ஒரு பொம்புளப் புள்ள பொறந்திரிக்கி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்தா ரூத்தின் கதையை வாசித்தவர் அல்ல. தாம்போதியில் நனைந்து வந்த அன்றைக்கு மாமி சொன்னதும் கதிர் பொறுக்கியதோடு நின்றுவிட்டது. ஆனால் அந்த அயல் பெண்கள் சொன்னதையே, ஆணுக்குப் பதில் பெண் என்பது தவிர வார்த்தை மாறாமல், எங்கள் குசினியில் நின்று சொல்கிறார். பெற்றவள் நான் இங்கே கிடக்கிறேன்! நாலு வருசத்துக்கு முந்திய கோபம் அப்படியே எழும்பியது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமி கதைத்தார். பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார்.

"உனக்கு மறந்து அயத்துப் போச்சா? எனக்குப் பொம்புளப் புள்ள வந்து நாலு வருசமாகுது. நீதானே குடை பிடிச்ச. இது பேத்தி."

ராத்தா என்னைப் பார்த்தார். குசினி வாசலில் அரிசி மூட்டையுடன் நின்ற அப்பாவும் என்னைப் பார்த்தார். அழுதேன், பிள்ளை பெற்ற உடம்பு, அழுகை சும்மாவே வரும் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

மாமி தேங்காய்ப்பூ ஒட்டிய விரலை மடக்கத் தொடங்கினார். அம்மம்மாவைப் பெற்றவர் ஒன்று. அம்மம்மா இரண்டு. அம்மா மூன்று. தான் நாலு. ஐந்தாவது விரலை மடக்கும்போது பிள்ளையைக் காட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் என் கட்டிலைப் பார்த்தார்.

"அஞ்சு அந்தா கிடக்கு. காய்ச்சலோட நான் கிடக்கக்குள்ள விளக்கு வெச்சவ. இது ஆறு." பிறகு கூரையைப் பார்த்து, வழமையான குரலில், ஆண்டவருக்கும் ஒரு வார்த்தை சொன்னார். "சரி, மிச்சத்தையும் பாப்பம்."